பெட்டிக்கு அடியில் புல்

கிடங்கில் சரக்கு குறைந்தால் திருடன் என்று சொல்லிவிடலாம். சரக்கு கூடியிருந்தால் யாரைப் பிடிப்பது?

ஸமோவாவின் தலைநகரான ஆப்பியாவில் ஓட்டோ லிண்டெமன் கம்பெனியின் கிடங்கில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. வாங்கியதைவிட அதிகமாக விற்றிருந்தார்கள். மீன் டின் பெட்டிகள் எங்கிருந்தோ முளைத்தன, கம்பெனி லாரியிலேயே ஏறிக் கிராமத்துக் கடைகளுக்குப் போயின. முளைத்ததெல்லாம் பழசு. ஒரு பள்ளிக்கூட விடுதிக்குப் போன பெட்டியில் டின்கள் ஊதிப்போயிருந்தன. சமையல்காரி பார்த்துக் கத்தியதால் பிள்ளைகள் தப்பித்தார்கள். விஷயம் நியூஸிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கும் பங்குதாரர்களின் காதுக்குப் போயிற்று. வெளியாளை வைத்துப் பார்க்கிறாயா, நாங்களே விமானம் ஏறட்டுமா என்று அவர்கள் ஓட்டோவைக் கேட்டுவிட்டார்கள்.

அந்த வெளியாள் பெனினா சித்தி. சரக்கு எங்கே தேங்குகிறது, லாரி ஏன் பாதி காலியாக ஓடுகிறது, கடைக்காரன் ஏன் கோபமாக இருக்கிறான் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். அவள் முகவரி அட்டையில் ஆலோசகர் என்று போட்டிருக்கும். கூடவே அலைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது துப்பறியும் வேலைதான். கடைசியில் ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வரைபடத்தைப் போடுகிற அப்பாவி நான், டனியெலு.

முதலாளி ஓட்டோ எங்களை உட்காரச் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் வேட்டி மாதிரி சுற்றிய கறுப்பு லாவாலாவா. மேஜையில் இருந்த மின்விசிறி அவர் முகத்தை மட்டும் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேலை ரொம்ப சுலபம்மா," என்றார். "ஆள் யாருன்னு எனக்கே தெரியும். நீங்க அழகா எழுதிக் குடுத்தா போதும். சாயங்காலம் அதை ஆக்லாந்துக்கு அனுப்பிட்டு நான் போலீஸைக் கூப்பிட்டுக்கறேன்."

"அதுக்கு எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் போதுமே, லெமாயு. எதுக்கு ரெண்டு பேருக்கு டீச்செலவு?" என்றேன். லெமாயு என்பது அவருடைய குடும்பத் தலைவர் பட்டம். பட்டம் உள்ளவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நம் மரியாதைதான் போகும்.

"உனக்கு டீ குடுத்தாங்களாடா?" என்று சித்தி என் காதருகே கேட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "யாருங்க அந்த ஆள்?"

"வைதோவா. கிடங்குச் சாவி அவன்கிட்டதான் இருக்கு. சாவு வீட்டுல மிஞ்சற பெட்டிகளை மலிவா வாங்கறான். என் கிடங்குல வச்சு, என் லாரில ஏத்தி, என் பேர்ல விக்கறான். இடமும் என்னுது, பெட்ரோலும் என்னுது, லாபம் மட்டும் அவனுது!"

நம்பும்படியாகத்தான் இருந்தது. ஸமோவாவில் ஒரு மீன் டின் பெட்டி, வயிற்றுக்குள் போவதற்கு முன் நாலு சாவும் ரெண்டு கல்யாணமும் பார்த்துவிடும். துக்கத்துக்கு வருகிறவர்கள் சன்னப் பாய் கொண்டுவருவார்கள். சாவு வீட்டார் பதில் மரியாதையாகப் பெட்டி கொடுப்பார்கள். வாங்கியவர் அடுத்த சாவுக்கு அதையே கொடுப்பார். மிஞ்சியதை ஏதாவது கடையில் தள்ளிவிடுவார்கள். இப்படிச் சுற்றுகிற பெட்டிக்கு வயசாவதில் ஆச்சரியமே இல்லை.

வைதோவாவைக் கூப்பிட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"இந்தப் பழைய பெட்டிங்க எப்படி உள்ள வந்துச்சுப்பா?" என்று சித்தி கேட்டாள்.

"தெரியாதுங்க."

"சாவி?"

"என்கிட்டதான்."

"வேற யார்கிட்டயாவது இருக்கா?"

"தெரியாதுங்க."

"சாவி எத்தனைன்னு கூடவா தெரியாது?"

அவன் மேஜை விசிறிப் பக்கம் பார்த்தான். ஓட்டோ மேஜையைத் தட்டினார். "கேட்டுக்கிட்டீங்கல்ல? இதுதான் இவன். இன்னும் என்ன வேணும்?"

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "கேஸ் முடிஞ்சுது சித்தி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போலாம். அவன் பொய் சொல்றான்."

"பொய்தான் சொல்றான். ஆனா அது அவனுக்கு வரவே மாட்டேங்குதே. இத்தனை நாளா ஊரை ஏமாத்தினவனுக்குப் பொய் இவ்வளவு மோசமாவா வரும்? ஒவ்வொரு தடவையும் யாரைப் பார்த்துட்டு பதில் சொன்னான், கவனிச்சியா?"

"மின்விசிறியைப் பார்த்திருப்பான். உள்ள என்ன புழுக்கம்!"

"விசிறிக்குப் பின்னாடி யார் இருந்தா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். எப்போதாவது செய்கிற காரியம் அது.

கிடங்கின் பின்மூலையில் அந்தப் பழைய பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. கம்பெனியின் புதுச் சரக்கு கப்பலில் இருந்து மரப்பலகை மேல் அடுக்கியபடியே இறங்கும். பலகையோடு லாரி ஏறும், பலகையோடு உள்ளே வந்து உட்காரும். அதனால் புதுப் பெட்டியின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. சித்தி ஒரு பழைய பெட்டியைத் தலைகீழாகப் புரட்டினாள்.

அடியில் பச்சைக் கறை. ஈரம் ஏறிக் காய்ந்த அட்டை. ஓரத்தில் ரெண்டு புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடையில சிமெண்ட் தரை. கிடங்குல பலகை. புல்லு எங்கேடா வரும்?"

"ஊர் நடு மைதானத்துல. சாவு வீட்டுல வரிசையா அடுக்கி, பேச்சாளர் நின்னு யாருக்கு எத்தனைன்னு முழங்குவாரே," என்றேன். "ஓட்டோ சொன்னதுதான் சித்தி. சாவு வீட்டுப் பெட்டிகள். வாங்கியிருக்கான்."

"சாவு வீட்டுப் பெட்டிதான். வாங்கினதா? நீயே பாரு."

பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. புரியாததை முகத்தில் காட்டாமல் இருக்கத் தாடையைச் சொறிந்தேன்.

"உங்க வீட்டுல போன சாவுக்கு எத்தனை பெட்டி மிஞ்சிச்சு?"

"மூணு. அதுல ஒண்ணு கோழிக்கறி, ஒண்ணுல பாதி காலி."

"அப்படி வீடு வீடாப் போய் வாங்கினா எப்படி இருக்கும்? கலந்துகட்டி இருக்கும். ஒண்ணு கிழிஞ்சது, ஒண்ணு நசுங்கினது, ஆளுக்கு ஒரு ரகம். இங்க என்னடான்னா இந்த வரிசை பூரா ஒரே ரகம், எல்லாத்துலயும் ஒரே நீலக்கோடு. மொத்தமா ஒரே இடத்துல, ஒரே நாள்ல, ஒரே ஆளுக்குக் கிடைச்சிருக்கு."

நீலக்கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. "இது ஸியுமு ஊர்க் கடைக்காரி போடற கோடு! என் மாமியார் வீடு அங்கதானே. டெலிவரிப் பசங்க பெட்டியை மாத்திடறாங்கன்னு அவதான் தூரிகையை வச்சுக்கிட்டு எல்லாத்துலயும் இழுப்பா."

"ஸியுமுல சமீபத்துல பெரிய சாவு?"

"போதகர் போயிட்டாரே. ஊரே போயிருந்துச்சு."

"வண்டியை எடு."

மலைப்பாதையில் ஏறி இறங்கித் தெற்குக் கரைக்குப் போனோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சங்கடம். கிடைக்கிற தடயமெல்லாம் வைதோவாவின் கழுத்தைத்தான் இறுக்குகிறது என்று தோன்றியது. அத்தனை பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு நின்றவனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் வம்பு.

போதகர் சாவில் முழங்கிய பேச்சாளர் ஸௌமானி, மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். சாலையோரம் நிறுத்தி, பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், கட்டைக் குரல். அந்தக் குரலின் மேல் அவருக்கு இருந்த காதலைப் பஸ்ஸின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்: 'தெற்குக் கரையின் இடி'.

நேராகக் கேட்டால் பேச்சாளர் சொல்ல மாட்டார். அவர்கள் வாயிலிருந்து வார்த்தையை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. சித்தி வேறு வழியில் போனாள்.

"நீங்கதானே ஸௌமானி? போதகர் சாவுல எண்ணிக்கையைத் தப்பாச் சொன்னவர்?"

தண்ணீர்க் குழாய் கீழே விழுந்தது. "எவன் சொன்னான்?"

"ஆப்பியால பேசிக்கறாங்க. வந்ததுலயே பெரிய விருந்தாளிக்குக் குடுத்த பெட்டியைக் கூட்டிச் சொல்லிட்டீங்களாமே. வயசாகிடுச்சு, தொண்டை இருக்கு, ஞாபகம் இல்லன்னு..."

"வயசா? எனக்கா?" அவர் லாவாலாவாவை இறுக்கிக் கட்டினார். "ஊரே கேட்டுச்சு! நான் ஒண்ணு சொல்லி அது பிசகினதா சரித்திரமே கிடையாது. இப்ப கேளுங்க!"

பஸ்ஸின் பம்பரைத் தடியாகப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கடல் வரைக்கும் கேட்கிற மாதிரி முழங்கினார். தெருவில் போன பன்றி ஒன்று பயந்து ஓடியது.

"ஸவாயி தீவின் மேன்மை பொருந்திய தலைவர் லெமாயு அவர்களுக்கு! அவர் குடும்பம் கொண்டுவந்த பெரும்பாய்க்குப் பதில் மரியாதையாக! மீன் டின் பெட்டி இருபத்தைந்து! உப்புக்கறி வாளி இரண்டு!"

எனக்குக் காது அடைத்துப்போனது. இடியால் அல்ல, பெயரால்.

"லெமாயுவா?" என்றேன். "எங்க லெமாயுவா? மின்விசிறி லெமாயுவா?"

"வேற எத்தனை லெமாயு இருக்காங்க? சும்மாவா குடுத்தோம்? பாய் அப்பேர்ப்பட்ட பாய். பட்டு மாதிரி. ஸவாயில ஃபிலெமுன்னு ஒரு அம்மா முடைஞ்சது. அவ தம்பிதான் லாரி ஓட்டிக்கிட்டு வந்தான், மலை மாதிரி ஒருத்தன். பெட்டியை ஏத்தும்போது முகமே சரியில்ல. இவ்வளவு மரியாதை கிடைக்குது, என்னடா தம்பி இப்படி இருக்கேன்னு கேட்டேன். கயித்தை இறுக்கிக் கட்டிட்டு வண்டியை எடுத்துட்டான்." ஸௌமானி மூச்சு வாங்கினார். "இப்ப சொல்லுங்க. தப்பா சொன்னேனா?"

"ஒரு எழுத்து பிசகலீங்க," என்றாள் சித்தி. "அந்த ஃபிலெமுவோட போன் நம்பர் கிடைக்குமா?"

காரில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் சேவல் கூவியது. பிறகு ஒரு நிதானமான குரல்.

"ஃபிலெமுதான் பேசறேன்."

"அக்கா, ஸியுமு போதகர் சாவுக்கு உங்க பாய் போச்சுல்ல? பதிலுக்கு என்ன வந்துச்சு?"

"ரெண்டு பெட்டி. ஏழைப்பட்ட வீடு, அவங்களால அவ்வளவுதான் முடிஞ்சுதுன்னு லெமாயு சொல்லி அனுப்பினார். பாவம், துக்கத்துல இருக்கறவங்க, நாங்களும் விட்டுட்டோம். அதுக்கு முந்தின சாவுலயும் அப்படித்தான். இந்த வருஷம் பூரா நாங்க பாய் அனுப்பறதெல்லாம் ஏழை வீடாவே அமையுது. எதுக்கும்மா கேக்கறே?"

சித்தி சொன்னாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், இன்று சாயங்காலம் அவள் தம்பி வைதோவாவைப் போலீஸில் கொடுக்கப்போகிறார்கள் என்பது வரைக்கும்.

"மத்தியானப் படகு இருக்கு," என்றாள் ஃபிலெமு. "வரேன்."

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தலைவருக்குக் கிடைக்கிற மரியாதை தலைவருடையது இல்லை. குடும்பத்துக்குக் கொண்டுபோய்ப் பங்கு வைக்க வேண்டும். அதற்குத்தான் அவர் தலைவர். கடலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் விரல் தேய முடைகிறார்கள். இந்தப் பக்கம் இந்த மனுஷர் ரெண்டு பெட்டியைப் படகில் ஏற்றிவிட்டு, மிச்சத்தைத் தன் கிடங்கில் தள்ளி, காசு போடாத சரக்கை வெள்ளைச் சட்டையோடு விற்றுக்கொண்டிருந்திருக்கிறார். பங்குதாரர்கள் நோண்டியதும் ஒரு திருடன் தேவைப்பட்டிருக்கிறான்.

"நம்மள எதுக்கு சித்தி தேடிப் பிடிச்சார்? ஊர்ல பெரிய கம்பெனி எத்தனை இருக்கு?"

"நாம சின்ன ஆளுங்க. கேட்டதை எழுதிக் குடுப்போம்னு நினைச்சிருப்பார். வரைபடம் அழகா இருக்கும்னு வேற யாரோ சொல்லியிருக்காங்க."

"அது உண்மைதான்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் உறுத்துது. வைதோவாவுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னா தப்பிச்சிடலாம். ஏன் சொல்லல?"

கிடங்கு வாசலில் வைதோவா சாவிக்கொத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பலகை மேல் உட்கார்ந்திருந்தான். சாவியை ஒப்படைக்கத் தயாராக இருந்தான் போலிருக்கிறது. சித்தி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஸியுமு போயிட்டு வந்தோம் வைதோவா. இருபத்தஞ்சு பெட்டி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "விட்டுடுங்க அம்மா. நான்தான் செஞ்சேன்னு எழுதிடுங்க."

"ஜெயிலுக்குப் போவியே?"

"போறேன். அவர் எங்க குடும்பத் தலைவர். அவருக்கு வேலை செய்யறதுதான் எனக்கு மரியாதை. அவர் பேர் கெட்டா எங்க எல்லார் பேரும் கெட்டுப்போகும். நான் ஒருத்தன்தானே. போனா போகுது."

"ஏன்யா, உனக்கு மூளை இருக்கா?" என்றேன். கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது அவன் தோளில் கை வைத்திருந்தேன்.

"உங்க அக்கா படகுல வந்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு என்ன சொல்வே?" என்று சித்தி கேட்டாள்.

அவன் பலகையை விட்டு எழுந்துவிட்டான். "அக்காவுக்குத் தெரியுமா? அக்காகிட்டயா சொன்னீங்க? ஐயோ, அவங்களை ஏன் கூப்பிட்டீங்க?"

இங்கே தம்பி என்றால் அக்காவைக் கண்மணி மாதிரி காக்கிறவன். தலைவர் சொல்லைக்கூடச் சில சமயம் மீறிவிடலாம். அக்கா நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல முடியாது. அவனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. சித்தி எழுந்து ஓட்டோவின் அறைக்குப் போனாள்.

"ரெடியா?" என்றார் ஓட்டோ.

சித்தி ஒரே ஒரு தாளை மேஜையில் வைத்தாள். அதில் என் வரைபடம். வழியில் காரை நிறுத்திப் போட்டது, நான் போட்டதிலேயே சின்னது. ஸவாயியிலிருந்து பாய், ஸியுமுவிலிருந்து பெட்டி, பெட்டி வந்து சேருகிற இடத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 'லெமாயு'.

அவர் அதைப் பார்த்தார். மின்விசிறி தாளைத் தூக்கப் பார்த்தது, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை வேலைக்கு வச்சது நான்."

"ஆமாங்க. கூடுதல் சரக்கு எங்கேருந்து வருதுன்னு கேட்டீங்க. ஆக்லாந்துக்கும் இதையேதான் அனுப்பியிருக்கேன்."

"என்ன ஆதாரம்? ஒரு பஸ் டிரைவர் கத்தினதா? வைதோவாவைக் கேளுங்க! என்னைத் தலைவர்னு மதிக்கறவன் அவன். ஒரு வார்த்தை எனக்கு எதிரா சொல்லட்டும் பார்க்கலாம்!"

"அவன் சொல்ல மாட்டான்," என்று கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "நான் கேக்கறேன்."

ஃபிலெமு நின்றிருந்தாள். குள்ளமான பெண், கடல்காற்றில் கலைந்த நரைமுடி. அவள் பின்னால் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். அவர்களுக்கும் பின்னால் வைதோவா, தரையைப் பார்த்தபடி.

ஓட்டோ எழுந்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக ஒருவரை உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

"ஃபிலெமு, இது கம்பெனி விஷயம். குடும்பத்துல பேசிக்கலாம். நான் உங்க லெமாயு..."

"அந்தப் பட்டத்தை உங்களுக்கு நாங்க எல்லாரும் உட்கார்ந்து பேசிக் குடுத்தோம்," என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "ஞாயித்துக்கிழமை திரும்பவும் உட்காரப்போறோம். நீங்களும் வாங்க. போலீஸைக் கூப்பிடணும்னா அதுக்கு முன்னாடி கூப்பிட்டுடுங்க, அப்புறம் உங்களுக்கு நேரம் இருக்காது."

ஓட்டோ போனைப் பார்த்தார். எடுக்கவில்லை. தானாகவே உட்கார்ந்தார்.

ஃபிலெமு தம்பியின் பக்கம் திரும்பினாள். நாங்கள் விலகி நின்றோம். அவனை அவள் கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"நீ எடுத்தியா?"

"இல்லக்கா."

"தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முதல் பாயிலேருந்து."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கிறிஸ்துமஸுக்கு வரல. வேலைன்னே. ஈஸ்டருக்கு வரல. லாரி ரிப்பேர்னே. என் பேத்தி ஞானஸ்நானத்துக்குக்கூட வரல. நான் என்னவோ தப்பு பண்ணிட்டேன், தம்பிக்கு எம்மேல கோபம்னு ஒரு வருஷமா அழுதுக்கிட்டிருக்கேன்டா."

"வந்தா நீங்க கேட்டுடுவீங்க," என்றான் வைதோவா. "கேட்டா நான் சொல்லிடுவேன்."

அவள் அவன் கையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கி ஓட்டோவின் மேஜை மேல் வைத்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் படகு கிளம்புவதற்குள் துறைக்குப் போக வேண்டும், யாராவது வண்டியில் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்டாள். நான் காரை எடுத்துவர ஓடினேன்.